தாயா, தங்கையா? தீர்ப்பு ஒத்திவைப்பு

ஒரு மொழி இன்னொரு மொழிக்குத் தாயா, தங்கையா என்று தெரிய வேண்டுமானால் இந்த நாட்டில் எங்கே போவது? பல்கலைக்கழக மொழியியல் துறைக்கு என்று நினைக்கிறவர்கள் அப்பாவிகள். முறைப்படி முதலில் சினிமா விழாவுக்குப் போக வேண்டும். அங்கிருந்து டிவி விவாதம். அடுத்தது பிலிம் சேம்பர். அங்கும் தீராவிட்டால் இருக்கவே இருக்கின்றன, உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும்.

2025 மே மாதம் சென்னையில் ‘தக் லைஃப்’ பட விழா. வந்திருந்த கன்னட நடிகர் சிவராஜ்குமாரிடம், உங்கள் மொழி தமிழிலிருந்து பிறந்ததுதான் என்ற பொருளில் கமல்ஹாசன் அன்பாக ஒரு வார்த்தை விட்டார். அவ்வளவுதான், பெங்களூரில் பேனர் கிழிந்தது. மன்னிப்புக் கேட்டால்தான் படம் ஓடும் என்றது கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபை. கேட்டிருந்தால் கன்னடத்தின் பிறப்பு வரலாறு அன்று சாயங்காலமே திருந்தியிருக்கும் போலிருக்கிறது. பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனவரிடம், நீங்கள் வரலாற்று ஆசிரியரா, மொழியியலாளரா என்று கேட்கப்பட்டது. அருமையான கேள்வி. தெருவில் கொடி பிடித்து நின்றவர்களையும் வரிசையில் நிறுத்தி இதையே கேட்டிருந்தால் அரை நாளில் கூட்டம் கலைந்திருக்கும். கடைசியில், தணிக்கைச் சான்று வாங்கிய படத்தைக் கும்பல் தடுக்கக் கூடாது என்று ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மொழியைப் பற்றிப் பேச அரசியல்வாதிகளுக்குத் தகுதியில்லை, எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்று கமலும் அதற்கு முன்பே சொல்லியிருந்தார். அந்தச் சண்டை முழுக்கப் பேசப்பட்டதில் மொழியியலுக்கு உடன்பாடான செய்தி அது ஒன்றுதான்.

கவனித்தீர்களா? இத்தனை படி ஏறி இறங்கியும், கன்னடம் தமிழிலிருந்து பிறந்ததா என்ற அந்த ஒரு கேள்வியை மட்டும் யாரும் விசாரிக்கவே இல்லை.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? எல்லைக்கு இந்தப் பக்கம் ஒவ்வொரு செல்போனிலும் ஒரு பேராசிரியர் முளைத்தார். தமிழ் தாய், மற்றதெல்லாம் பிள்ளைகள், பிள்ளைகளுக்கு நன்றி கிடையாது என்று பத்தி பத்தியாக ஃபார்வர்டு. எழுதியவர்களில் எத்தனை பேர் ஒரு கன்னட வாக்கியத்தை முழுதாகக் கேட்டிருப்பார்கள் என்று கேட்டால் நான் இனத்துரோகி. இருந்துவிட்டுப் போகிறேன். ஆனால் ஒரு சங்கதி. மனோன்மணீயத்தின் தமிழ்த்தெய்வ வணக்கத்தில் கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் துளுவும் தமிழின் பிள்ளைகள் என்று பாடும் பகுதி ஒன்று உண்டு. 1970இல் அதைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்ற தமிழ்நாடு அரசு, அந்தப் பகுதியை விட்டுவிட்டுத்தான் ஏற்றது. ஐம்பத்தைந்து வருடத்துக்கு முன் ஒரு கோப்பில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு இருந்த நாசூக்கு, இன்று மைக் பிடிக்கிறவர்களுக்கு இல்லை.

சரி, விசாரித்துவிடுவோம். பத்து நிமிஷ வேலை. காதைப் பிடியுங்கள்.

தமிழில் செவி. மலையாளத்தில் செவி. தெலுங்கிலும் செவி. கன்னடத்தில் கிவி. துளுவில் கெபி. குடகில் கெவி. ஒரு சொல் தற்செயலாக அப்படி அமையலாம். தமிழ்ச் சேரிக்குக் கன்னடத்தில் கேரி. தமிழில் செம்மை, கன்னடத்தில் கெம்பு. நகைக்கடையில் நாம் கேட்டு வாங்கும் கெம்புக்கல் அந்தப் பக்கத்துச் சரக்கு. தமிழ்ச் சகரம் நிற்கும் இடத்தில் கன்னடக் ககரம், வரிசையாக. ஒலி நூல் படித்தவர்களுக்கு இது எந்தத் திசையில் நடந்திருக்கும் என்பது தெரியும்: இ, எ முன்னால் நிற்கும் ககரம் நாக்கில் வழுக்கிச் சகரமாவது உலகம் முழுக்க நடப்பது, சகரம் அந்த இடத்தில் திரும்பக் ககரமாவது அரிதிலும் அரிது. அப்படியென்றால் பழைய சொல்லில் இருந்தது ககரம். மாற்றியவர்கள் நாம். வைத்திருப்பவர்கள் அவர்கள்.

இன்னும் அழகு இருக்கிறது. தமிழில் ஏன் கேள், கெடு, கிளி, கிழங்கு எல்லாம் சகரமாகவில்லை? அடுத்து வருவது ட, ள, ழ மாதிரி நா மடிந்து ஒலிக்கும் எழுத்தாக இருந்தால் தமிழ் பெரும்பாலும் ககரத்தை விட்டுவைத்தது. மொழியியலாளர் தாமஸ் பரோ 1943இலேயே இதை எழுதிவிட்டார். எந்தக் கழகமும் தீர்மானம் போடாமல், எந்தச் சபையும் மிரட்டாமல், படிக்காத சனங்களின் வாயில் ஒரு விதி இவ்வளவு ஒழுங்காக நடந்திருக்கிறது. நம் பொதுப்பணித்துறை வெட்கப்பட வேண்டும்.

இப்போது கன்னடக் கொடி பிடித்தவர்கள் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். தமிழில் பால், பத்து, புலி, பல். கன்னடத்தில் ஹாலு, ஹத்து, ஹுலி, ஹல்லு. பழைய கன்னடக் கல்வெட்டுகளில் இந்த இடத்தில் பகரம்தான். சுமார் ஆயிரம் வருடத்துக்கு முன் அது ஹகரமாகத் தொடங்கியது. அங்கே பழையதை வைத்திருப்பவர்கள் நாம், மாற்றியவர்கள் அவர்கள். நமக்கு மட்டுமே வாய்த்தது என்று நாம் தலைமேல் வைத்துக் கூத்தாடும் ழகரமும் பழைய கன்னடத்தில் இருந்து பிற்பாடு போனதுதான்.

ஆகக்கூடி, தமிழ் சிலதைக் காத்தது, சிலதைத் தொலைத்தது. கன்னடம் வேறு சிலதைக் காத்தது, வேறு சிலதைத் தொலைத்தது. தாய் தொலைத்த ஒலி மகளிடம் எப்படித் திரும்ப வரும்? இரண்டுக்கும் முன்னால் இன்னொன்று இருந்தது. அதற்கு எழுத்தில்லை, கல்வெட்டில்லை, கட்சியில்லை. மொழியியலாளர்கள் வைத்த பெயர் மட்டும் இருக்கிறது, மூலத் திராவிடம். சங்கத்தமிழும் அதற்குப் பின்னால் வந்ததுதான். தமிழுக்கு எழுத்துச் சான்று கன்னடத்துக்குப் பல நூற்றாண்டு முன்பே கிடைக்கிறது என்பது மறுக்க முடியாத உண்மை. கன்னடத்தின் ஹல்மிடிக் கல்வெட்டு கி.பி. ஐந்தாம் நூற்றாண்டு, நம் குகைக் கல்வெட்டுகள் கி.மு. காலத்தவை. முதலில் எழுதப் பழகியவள் மூத்தவளாக இருக்கலாம், படித்தவளாக இருக்கலாம். அதனால் மட்டும் தாயாகிவிட மாட்டாள்.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பா? 1816இல் சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ், பட்டாபிராம சாஸ்திரி, சங்கரய்யா போன்ற பண்டிதர்களோடு உட்கார்ந்து, தென்னாட்டு மொழிகள் சமஸ்கிருதத்தின் கிளைகள் இல்லை, தனிக் குடும்பம் என்று காட்டிவிட்டார். மூன்று வருடத்தில் அவர் இறந்துபோனார். அவர் விட்டுப்போன காகிதங்கள் மதுரைக் கலெக்டர் வீட்டுச் சமையல்காரருக்கு மாசக்கணக்கில் அடுப்பு மூட்டவும் கோழி வாட்டவும் பயன்பட்டன என்று ஒரு பேச்சு உண்டு. நான் அந்தச் சமையல்காரரைக் குறை சொல்ல மாட்டேன். குறைந்தபட்சம் சோறாவது வெந்தது. 1856இல் கால்டுவெலின் ஒப்பிலக்கணப் புத்தகம் வந்தது. தமிழை அவர் தூக்கிப் பிடித்தது மெய், ஆனால் மற்றவை எல்லாம் தமிழிலிருந்து பிறந்தவை என்று அவரும் சொல்லவில்லை. இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீட்டை நினைவிடமாக்கி, மெரினாவில் சிலையும் வைத்துவிட்டதால், புத்தகத்தைத் திறக்கும் தொந்தரவு நமக்கு இல்லாமல் போனது.

திறக்காத இந்தப் புத்தகத்துக்குப் பதிலாக நாம் வளர்த்திருக்கும் துறைதான் வேர்ச்சொல் வித்தை. நுழைவுத் தகுதி, உரக்கப் பேசும் குரல். ஆய்வுக் கருவி, காது. அதுவும் ஒரு காது போதும். பாரிஸ் என்று கேட்டால் பாரி ஈசன். நியூயார்க் என்றால் வந்திறங்கிய வெள்ளைக்காரனைப் பார்த்து அங்கிருந்த தமிழன் கேட்ட ‘நீ யார்’. நான் இப்போது கேலிக்காக உட்கார்ந்து கட்டியவை இவை. நாளை மறுநாள் யாராவது மெய்யாகவே எனக்கு அனுப்பிவைப்பார்கள், கடைசியில் ‘உண்மைத் தமிழனாக இருந்தால் பகிரவும்’ என்ற வரியோடு.

கொரியாவில் அம்மாவை ஓம்மா, அப்பாவை அப்பா என்கிறார்கள், ஆகவே கொரியன் தமிழ்ப் பிள்ளை. இது நம் டிவிகளின் பொங்கல் சிறப்பு நிகழ்ச்சி. பல் முளைக்காத குழந்தைக்கு உதட்டைச் சேர்த்துத் திறந்தால் வரும் ஒலிகள் ம, ப. அந்த உளறலைத் தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று உலகத்துத் தாய் தகப்பன்மார் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். மொழியியலாளர் ரோமன் யாகோப்சன் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதிவைத்திருக்கிறார். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ம்பபரம் என்றொரு பழங்குடி மொழி. அதில் நாய்க்குப் பெயர் ‘டாக்’. ஆங்கிலத்திலிருந்து வாங்கியதில்லை, அந்த மண்ணிலேயே வேறு சொல்லிலிருந்து ஒலி தேய்ந்து தேய்ந்து அங்கே வந்து நின்றது என்று ஆர். எம். டபிள்யூ. டிக்சன் காட்டினார். வெறும் தற்செயல். எதிர்ப்பக்கம் பாருங்கள்: அர்மீனிய மொழியில் இரண்டு என்பதற்கு ‘யெர்கு’. லத்தீன் ‘துவோ’வோடு எந்த ஒட்டும் இல்லாததுபோல் ஒலிக்கும். இரண்டும் ஒரே மூலச் சொல்லின் பிள்ளைகள். அந்த மாற்றம் மற்றச் சொற்களிலும் அதேபோல் நடந்திருப்பதால் நிரூபணம். ஒன்றுபோல் இருப்பதால் உறவில்லை, ஒழுங்காக மாறியிருப்பதால் உறவு. இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் நம் வேர்ச்சொல் யூடியூப் சேனல்களில் முக்கால்வாசி கடையைச் சாத்த வேண்டும். தெரிந்துகொள்ள மாட்டார்கள். கடை நன்றாக ஓடுகிறது.

கடைகளைச் சொல்லி என்ன, அரசாங்கமே வயதுச் சான்றிதழ் கவுண்ட்டர் திறந்து வைத்திருக்கிறது. 2004இல் தமிழ் செம்மொழி ஆனது. ஆயிரம் வருடப் பழமை போதும் என்றார்கள். அடுத்த வருடமே அந்த வரம்பு 1500 முதல் 2000 வருடம் என்று உயர்ந்தது. 2008இல் கன்னடமும் தெலுங்கும் உள்ளே வந்தன. உடனே, இவர்களுக்கு எப்படிக் கொடுக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு, 2016இல் தள்ளுபடியானது. பக்கத்து வீட்டுக்காரனுக்கும் மெடல் கிடைத்தால் நம் மெடலின் எடை குறைந்துவிடும் என்று ஒரு கவலை. 2024இல் இன்னும் ஐந்து: மராத்தி, பாலி, பிராகிருதம், அஸ்ஸாமி, வங்காளி. இலக்கிய மரபு சொந்தமானதாக, வாங்கியதாக இல்லாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்குள் காணாமல் போயிருந்தது. மராத்திக்குச் சான்றிதழ் கிடைத்தது அக்டோபர் 3. மகாராஷ்டிரத்தில் சட்டமன்றத் தேர்தல் நவம்பரில். இந்த இரண்டுக்கும் வேர்ச்சொல் ஒன்றுதானா என்று ஆராயும் துணிச்சல் எனக்கில்லை.

இந்தச் சண்டையில் யாரும் சாட்சி சொல்லக் கூப்பிடாத ஒருவர் இருக்கிறார். காது என்றேனே, அந்தப் பட்டியலில் ஒரு மொழியை வேண்டுமென்றே விட்டிருந்தேன். நீலகிரியில் கோத்தர் என்ற பழங்குடியினர் காதைச் சொல்வது ‘கெவ்’. ககரம் அப்படியே இருக்கிறது. கமல்ஹாசனுக்கும் கன்னட அமைப்புகளுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்லும் ஆதாரம் தமிழ்நாட்டுக்குள்ளேயே, கோத்தகிரி பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில், ஒரு சின்ன ஊர்க்கூட்டத்தின் வாயில் இருக்கிறது. 1930களில் கனடாவில் பிறந்த ஒரு மனிதர், எமனோ, மலையேறி வந்து இந்த மொழியைக் கேட்டு எழுதினார். அவருக்குக் கதை கதையாகச் சொல்லி எழுதவைத்தவர் சுள்ளி என்ற கோத்தர். எமனோவும் பரோவும் சேர்ந்து 1961இல் கொண்டுவந்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி, 1984இன் இரண்டாம் பதிப்பில் ஐயாயிரத்து ஐந்நூறுக்கும் மேல் பதிவுகளோடு நிற்கிறது. பதிவுகள் தமிழில் தொடங்கி, கோத்தம், தோடம், கன்னடம், தெலுங்கு, கோண்டி என்று ஏறி, பலூசிஸ்தானத்துப் பிராகுயியில் போய் முடியும். தமிழ் முதலில் நிற்பதைப் பார்த்துக் காலரைத் தூக்கிவிட வேண்டாம். தெற்கிலிருந்து வடக்கே போகும் வரிசை அது. அத்தனை மேடைகளில் அத்தனை தமிழறிஞர் பெயர்கள் கேட்டிருக்கிறேன். சுள்ளியின் பெயரை ஒரு மேடையிலும் கேட்டதில்லை.

அதே நீலகிரியில் வாழும் தோடர்களின் பேச்சில் நா உருளும் ர ஒலி மூன்று வேறு இடங்களில் உருண்டு மூன்று வேறு பொருள் தரும். பீட்டர் லடிஃபோகெட் என்ற உலகறிந்த ஒலியியலாளர் அந்த ஒலிகளை ஆராய வந்தார். நம் ஊர்க்காரர் தோடரைத் தேடிப் போவது சால்வை வாங்கவும் எருமையோடு செல்ஃபி எடுக்கவும். இரண்டாயிரம் பேர் அளவுக்கு இருக்கும் ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தமிழிலும் ஆங்கிலத்திலும். இந்தித் திணிப்பு என்றால் நமக்கு நாடி துடிக்கிறது, துடிக்க வேண்டியதுதான். நாம் யார் மேலாவது எதையாவது திணித்துக்கொண்டிருக்கிறோமா என்று ஊட்டியில் போய்க் கேட்டவர் யார்? யுனெஸ்கோ வெளியிட்ட அழியும் மொழிகளின் பட்டியலில் தோடமும் கோத்தமும் கடைசிக் கட்டத்தில் நிற்கின்றன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றி நம் மேடைகளில் அடிக்கடி ஒரு முழக்கம் வரும். இந்தி பேசுகிறவர்கள் 52 கோடி என்கிறார்கள், அதில் போஜ்புரி மட்டும் ஐந்து கோடி, ராஜஸ்தானி இரண்டரைக் கோடி, இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட தாய்மொழிகளைச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டுதான் இந்தி அந்த எண்ணைக் காட்டுகிறது என்று. முழுக்க உண்மை, கை தட்டலாம். தட்டிவிட்டு, அதே அறிக்கையில் தமிழ் என்ற தலைப்பின் கீழ் பாருங்கள். இருளர் மொழி அங்கே இருக்கிறது. எருகுலா இருக்கிறது. செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் 1973இல் இருளத்துக்கென்றே நூல் எழுதி, தமிழில் இல்லாத உயிரொலிகள் அதில் இருப்பதைக் காட்டியிருக்கிறார். எழுதியென்ன? கணக்கில் அவர்கள் தமிழர். பாம்பு பிடிக்கும்போது மட்டும் இருளர். பக்கத்தில் கன்னடம் என்ற தலைப்பின் கீழ் பாருங்கள். படகர் மொழி அங்கே ஒட்டப்பட்டிருக்கிறது, ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல். யார் யாருக்குத் தாய் என்று ரோட்டில் மல்லுக்கு நின்ற இரண்டு பேரும், அடுத்த வீட்டுப் பிள்ளைகளைத் தங்கள் ரேஷன் கார்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். தோடமும் கோத்தமும் அந்த அறிக்கையின் 121 மொழிகளில் ஒன்றாகக்கூட இல்லை. பத்தாயிரம் பேர் இல்லாத மொழிக்கு அங்கே தனிப்பெயர் கிடையாது. ‘பிற’ என்ற ஒரே மூட்டையில் கட்டி ஓரமாக வைத்துவிடுவார்கள். அந்தக் கணக்கெடுப்பில் மக்கள் தங்கள் வாயால் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. ஆபீஸ் மேசையில் அது 1,369 ஆகி, பிறகு 121 ஆனது.

வடக்கே கோண்டி. 29 லட்சம் பேர் பேசும் திராவிட மொழி. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இல்லை. பதினெட்டு லட்சம் பேரின் துளு, அதுவும் இல்லை. தாய்மொழி என்று 24,821 பேர் எழுதிய சமஸ்கிருதம் உண்டு. திராவிட மொழிக் குடும்பத்தின் பேரைக் கட்சிப் பெயரில் வைத்திருப்பவர்கள் இங்கே ஒன்றுக்கு நான்கு பேர். கோண்டிக்காக அவர்களில் யாராவது ஒரு நாள் உண்ணாவிரதம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. இருக்க மாட்டார்கள். கோண்டி பேசும் பஸ்தரில் நமக்கு ஓட்டு இல்லை.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 பிப்ரவரியில் என்று அறிவித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர் தாய்மொழி என்ன என்று கேட்பார். நீங்கள் தமிழர் என்றால் தமிழ் என்று சொல்லப்போகிறீர்கள், அதில் ஒன்றும் ஆபத்தில்லை, நம் எண்ணிக்கை ஏழு கோடியைத் தொடும். என் வேண்டுகோள் கணக்கெடுக்கப் போகிற ஆசிரியர்களுக்கு, முக்கியமாக நீலகிரிக்கும் சத்தியமங்கலத்துக்கும் ஜவ்வாது மலைக்கும் போகிறவர்களுக்கு. அந்த வீட்டுப் பாட்டி தன் பேச்சுக்கு என்ன பெயர் சொல்கிறாளோ அதை அப்படியே எழுதுங்கள். ‘எல்லாம் தமிழ்தானே பாட்டி’ என்று சொல்லிக்கொண்டே எழுதாதீர்கள்.